அழுத்தப்படாத பொத்தான்

2025 நவம்பர் 18, செவ்வாய்க்கிழமை, மாலை நாலேகால். விழுப்புரத்தில் விடாத தூறல். பள்ளி வேன்களைக் கண்காணிக்கும் அலுவலகத்தின் மாடியில் தனியாக இருந்த கலைப்பிரியா, ஓடாத வேன் ஒன்று திரையில் பச்சையாக ஒளிர்வதைக் கண்டாள். பதினேழாம் எண்.

அதன் இருப்பிடம் காட்டும் கருவி, பேட்டரி கழற்றப்பட்டு, சேறு காய்ந்து, அவளுடைய மேசை இழுப்பறையில் கிடந்தது.

அந்தத் திரையை இயக்குவது அவள் எழுதிய சர்வர் நிரல். ஒரு வேனுக்காகக் காத்து நிற்காமல், அந்த இடைவெளியில் அடுத்ததைக் கேட்டு, இருநூறு வேன்களுக்கும் ஒருசேரச் செவிகொடுக்க வேண்டியது. பெற்றோருக்குக் குறுஞ்செய்தி அனுப்பும் இடத்தில் மட்டும், அது முடியும்வரை சர்வரை நிற்க வைத்துவிட்டாள். சென்ற மாதம் அப்படி நின்ற சில நிமிடங்களில்தான், பிள்ளைகளை இறக்கிவிட்டுத் திரும்பிய ஓட்டுநர் சவுரிராயன், திண்டிவனத்து ஏரியில் மூழ்கும் வேனுக்குள்ளிருந்து, திரையில் வேன் எண்ணைச் சிவக்க வைக்கும் உதவிப் பொத்தானை அழுத்திக்கொண்டே இருந்தார். யாருக்கும் கேட்கவில்லை.

பிறகு அவள் பிழையைத் திருத்தினாள். காத்திருக்கும் எந்த வேனையும் சர்வர் தானாகக் கைவிடக் கூடாது என்றும் எழுதிவைத்தாள்.

கைபேசியில் முதலாளி பூவரசன்.

"இன்னாம்மா, கையெழுத்துப் போட்டியா? வக்கீல் உக்காந்துகினு இருக்காரு. டிரைவர் பொத்தானை அழுத்தவேயில்லைன்னு ஒரு வரி. அதுக்கு இம்மாம் யோசனையா? போடலைன்னா உள்ள போறது நீதான்."

"சார், பதினேழு லைன்ல இருக்குது."

"மழைக்கு எதையாவது காட்டும். ஜல்தியா போடு. ஆள் அனுப்புறேன், அவங்கிட்ட குடுத்துடு."

பதினேழின் இணைப்பைத் திரையில் துண்டித்தாள். பச்சை மீண்டும் வந்தது. இழுப்பறையிலிருந்து பாசி வாடை மெல்லக் கசிந்து, மழையின் மணத்தை மீறி அறையெங்கும் பரவ, வரைபடத்தில் அந்தப் பச்சைப் புள்ளி ஏரியை விட்டு எழுந்து, நெடுஞ்சாலையில் ஏறி, விக்கிரவாண்டியைக் கடந்து, அவசரமே இல்லாமல் விழுப்புரத்தை நோக்கி வந்துகொண்டிருந்தது. சர்வரின் கம்பியைப் பிடுங்கினாள். மற்ற வேன்கள் அணைந்தன. பதினேழு அணையவில்லை. கம்பியை மறுபடி செருகினாள். சாலையில் மற்ற வேன்களில் பிள்ளைகள் இருந்தார்கள்.

புள்ளி இந்தத் தெருவில் நின்றது.

வக்கீல் கேட்ட தாளில் கையெழுத்துப் போட்டாள். எழுத்து கோணவில்லை.

படியில் காலடி. ஈரமான காலடி.

கைபேசி ஒளிர்ந்தது. பூவரசன்: "ஆளு இப்பதான் கிளம்புறான்."

கதவு திறந்தது. குளிர். பாசி வாடை. தலையை நிமிர்த்த முடியவில்லை. தாளை நீட்டினாள்.

ஊறி வெளுத்த விரல்கள் அதை வாங்கிக்கொண்டன. கட்டைவிரல் அவள் கையெழுத்தின்மேல் அழுந்தியது. திரையில் பதினேழு சிவந்தது.

விரல் எழுந்தது. மறுபடி அழுந்தியது.

மறுபடி.