ஒன்றாம் வகுப்பில் ஒரு விருந்தாளி

குழலியின் வீட்டில் அப்பா மூன்றாம் வகுப்பில் தூங்குவார். அத்தை தலைமையாசிரியர் அறையில் இட்லி அவிப்பாள். குழலி ஐந்தாம் வகுப்பில் உட்கார்ந்து தலை வாரிக்கொள்வாள்.

போன மாதம் வரை அது இலஞ்சியின் பள்ளிக்கூடம். பிள்ளைகள் அதிகமாகிவிட்டதால் குளத்துக்கு அந்தப் பக்கம் புதுக் கட்டடம் கட்டினார்கள். பழைய கட்டடத்தைக் குழலியின் அப்பா வல்லிநாயகம் வாங்கிவிட்டார். சுவருக்கு வெள்ளை அடித்தார். கதவுக்கு நீலம் அடித்தார். ஆனால் அறைகளின் பெயர் மட்டும் போகவில்லை.

ஒன்றாம் வகுப்பும் இரண்டாம் வகுப்பும் விருந்தினர்களுக்கு. சீசன் வந்தால் குற்றாலத்தில் அறை கிடைக்காமல் எத்தனையோ பேர் பெட்டியும் கையுமாக அலைவார்கள். அவர்கள் இங்கே வாடகைக்குத் தங்கலாம். குதிரை வண்டியில் அருவிக்குப் போய்வரலாம்.

அம்மா இறந்த பிறகு அப்பா கொல்லத்தில் ஒரு முந்திரிப்பருப்புக் கம்பெனியில் வேலை பார்த்தார். மாதத்தில் ஒரு நாள் ரயிலில் வருவார். மறுநாள் காலையில் குழலி எழுந்திருக்கும்போது போயிருப்பார். இப்போது வேலையை விட்டுவிட்டு வந்திருக்கிறார்.

“இந்த சீசன் பார்ப்போம்க்கா” என்று அவர் அத்தையிடம் சொன்னது குழலியின் காதில் விழுந்திருந்தது. “ஆளு வந்தா இங்கனயே இருந்துருவேன். வரலைன்னா திரும்பக் கொல்லந்தான்.”

அதனால் ஞாயிற்றுக்கிழமை மாலை முதல் விருந்தாளி வந்து இறங்கியபோது குழலிக்குத் தரையில் கால் நிற்கவில்லை.

அவர் பெயர் முகம்மது இஸ்மாயில். மதுரையில் அச்சகம் வைத்திருந்தார். கூடவே அவருடைய மனைவி. இரண்டு டிரங்குப் பெட்டி, ஒரு தலையணை மூட்டை.

“எனக்கு ஒண்ணே ஒண்ணுதான் வேணும்” என்றார் அவர். “சத்தம் கூடாது. வருசம் பூரா மெஷின் சத்தம். காதுக்குள்ள கடகடன்னு ஓடிக்கிட்டே இருக்கு. டாக்டர், எங்கயாவது அமைதியான இடத்துக்குப் போங்கன்னுட்டாரு.”

“இங்கன ஒரு சத்தமும் வராது அண்ணாச்சி” என்றார் அப்பா.

“நல்லா இருந்தா என் தம்பி, மச்சான் எல்லாரையும் அனுப்புறேன்” என்றார் இஸ்மாயில்.

அன்று இரவு குழலி கொலுசைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் நடந்தாள்.

மறுநாள் திங்கட்கிழமை. பள்ளிக்கூடம் திறக்கும் நாள். காலையிலிருந்தே சாரல். குழலி பாவாடை சட்டை போட்டு, பையை எடுத்து வைத்துக்கொண்டு நின்றாள்.

“ஏட்டி, பலகாரம் ரெடி. அவங்கள சாப்பிடக் கூப்பிடு” என்றாள் அத்தை ஆவுடைத்தாய்.

குழலி ஒன்றாம் வகுப்புப் பக்கம் நடந்தாள். வழியில் வாசலில் அது தொங்கிக்கொண்டிருந்தது. தண்டவாளத் துண்டு. பள்ளிக்கூடத்தின் மணி. பக்கத்திலேயே இரும்புக் கம்பி.

இங்கே படித்த காலமெல்லாம் அவளை அதைத் தொட விட்டதில்லை. பியூன்தான் அடிப்பார். ஒரு தடவை கேட்டதற்கு, “நீ அடிச்சா ஊரு ரெண்டுபடும்” என்று சொல்லிவிட்டார்.

இப்போது அது அவர்கள் வீட்டு மணி. சாப்பிடக் கூப்பிட மணி அடித்தால் எவ்வளவு மரியாதையாக இருக்கும்.

குழலி கம்பியை எடுத்தாள். டணார், டணார், டணார். கை விறுவிறுத்தது. காது ஜிவ்வென்றது. நன்றாக இருந்ததால் இன்னும் கொஞ்சம் அடித்தாள்.

அந்த நேரத்தில் வயல் வரப்பில் சின்னப் பிள்ளைகள் ஒரு கூட்டமாக வந்துகொண்டிருந்தார்கள். போன வருஷம் ஒன்றாம் வகுப்பு படித்தவர்கள். மணி கேட்டதும் அவர்களுக்கு வேறு எதுவும் நினைவில் இல்லை. முதல் நாளே நேரமாகிவிட்டது. அவ்வளவுதான். ஓடினார்கள்.

முகம்மது இஸ்மாயில் கிணற்றடியில் பல் துலக்கிவிட்டு, மனைவிக்கு முன்னால் தோளில் துண்டோடு அறைக்குத் திரும்பினார். வாசலில் அப்படியே நின்றார்.

அறை முழுவதும் பிள்ளைகள். தரையில் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். தரையில் இடம் போதாமல் மூன்று பேர் அவருடைய கட்டிலில் உட்கார்ந்திருந்தார்கள். ஒருவன் மடியில் அவருடைய தலையணை.

அவரைப் பார்த்ததும் எல்லாரும் எழுந்தார்கள்.

“வணக்கம் ஐயா.”

“உக்காருங்க” என்றார் இஸ்மாயில். ஏன் அப்படிச் சொன்னார் என்று அவருக்கே தெரியவில்லை.

எல்லாரும் உட்கார்ந்தார்கள். முன்வரிசையில் ஒரு பொடியன் கையைத் தூக்கினான். அவன் பெயர் பிச்சையா.

“சார், இவன் கிள்ளுதான் சார்.”

“இவந்தான் சார் மொதல்ல என் சிலேட்ட அழிச்சான்.”

“சார், ஒண்ணுக்கு.”

“புது சாரா சார் நீங்க?”

“எங்க சார் உங்க சட்ட?”

இஸ்மாயில் துண்டை எடுத்து மார்பில் போர்த்திக்கொண்டு வெளியே வந்தார். முகம் சிவந்திருந்தது. அருவிக்குக் கூட்டிப்போக வந்த குதிரை வண்டி வாசலில் நின்றது.

“வண்டிக்காரரே, அருவிக்கு இல்ல. தென்காசி ஸ்டேஷனுக்கு விடுங்க” என்றார். “வல்லிநாயகம், தப்பா நினைக்காதீங்க. எங்க அச்சகமே தேவலாம்.”

அப்பாவுக்கு ஒன்றும் புரியவில்லை. “போர்டு எழுதி வச்சிருந்தேனே அண்ணாச்சி” என்றார்.

உண்மைதான். வேலிப் படலில் ஒரு பலகை இருந்தது. அப்பா கல்லூரியில் படித்தவர். கையெழுத்து முத்து முத்தாக இருக்கும். ‘இக்கட்டடத்தில் இயங்கி வந்த தொடக்கப் பள்ளி, புதிய கட்டடத்திற்கு மாற்றப்பட்டுள்ளது.’

“அப்பா” என்றாள் குழலி மெதுவாக. “இவங்களுக்கு அம்மா, ஆடு, இலை மட்டுந்தான் வாசிக்கத் தெரியும்.”

அப்பா பலகையைப் பார்த்தார். பிள்ளைகளைப் பார்த்தார். பிறகு எதையும் பார்க்கவில்லை.

டிரங்குப் பெட்டிகள் வண்டியில் ஏறின. இஸ்மாயிலின் மனைவி மட்டும் முனகிக்கொண்டே வந்தார். “அருவியக் கண்ணால கூடப் பாக்கல. பக்கத்து வீட்ல கேட்டா என்னத்தச் சொல்ல?”

குழலி வண்டியையே பார்த்தாள். வண்டி போய்விட்டால் அப்பாவும் போய்விடுவார். மணியை அடித்தது அவள்தான். இஸ்மாயிலிடம் கெஞ்சலாமா என்று நினைத்தாள். நாளை முதல் பிள்ளைகள் வரமாட்டார்கள் என்று சொல்லலாமா? ஆனால் வருவார்களே. வரப்பு இங்கேதான் வந்து முடிகிறது. கால் இங்கேதான் வரும்.

திண்டாடிக்கொண்டு நின்றபோது பிச்சையா அவள் பாவாடையைப் பிடித்து இழுத்தான். கண்ணில் தண்ணீர் நின்றது.

“யக்கா, பள்ளிக்கூடம் எங்க போச்சு?”

“கொளத்துக்கு அங்கிட்டு. நம்பிராஜன் சார் விசில் ஊதுவாருல்லா, கேக்கலையா?”

“கேக்கல. காத்துதான் கேக்கு.”

புதுப் பள்ளிக்கூடத்தில் மணி இன்னும் வரவில்லை. குழலி வாசலைப் பார்த்தாள். தண்டவாளத் துண்டு சாரலில் நனைந்து மினுங்கியது. அவள் அதை ஒரே ஒரு நாள்தான் அடித்திருந்தாள். இன்னும் எத்தனையோ நாள் அடிக்க நினைத்திருந்தாள்.

அவள் வண்டியருகே போனாள்.

“மாமா, ஸ்டேஷனுக்குப் போற வழியிலதான் புதுப் பள்ளிக்கூடம். அந்த மணிய அங்கன எறக்கிட்டுப் போறியளா? என்னால தூக்க முடியாது.”

“எதுக்கு?”

“இவங்களுக்கு வாசிக்கத் தெரியாது. காது கேக்கும்.”

இஸ்மாயில் அவளைப் பார்த்தார். பிறகு பலகையைத் திரும்பிப் பார்த்து, ஒருமுறை முழுக்க வாசித்தார்.

“நானும் இப்படித்தான்மா நோட்டீஸ் அடிக்கிறேன்” என்றார். “சரி, ஏத்து.”

அப்பாவும் வண்டிக்காரர் இசக்கியப்பனும் மணியைக் கழற்றி வண்டியில் வைத்தார்கள். ரொம்பச் சின்னப் பிள்ளைகள் நான்கைந்து பேர் பெட்டிகள் மேல் ஏறிக்கொண்டார்கள். பிச்சையா இஸ்மாயிலின் மனைவி மடியிலேயே உட்கார்ந்துவிட்டான். மற்றவர்கள் பின்னால் ஓடிவந்தார்கள். முன்னால் குழலி.

அப்படி ஒரு ஊர்வலம் இலஞ்சியில் அதற்கு முன் போனதில்லை. பாதை முழுவதும் பள்ளம். ஒவ்வொரு பள்ளத்துக்கும் வண்டிக்குள் மணி கணார் என்றது. ஒவ்வொரு கணாருக்கும் பிள்ளைகள் ஓ என்றார்கள். குதிரை மிரண்டு வேகம் பிடித்தது.

“மெதுவாய்யா” என்றார் இஸ்மாயில்.

“நான் எங்க ஓட்டுதேன்? அதுவாப் போகுது” என்றார் இசக்கியப்பன்.

குளத்துக் கரையில் ஏறியதும் புதுப் பள்ளிக்கூடம் தெரிந்தது. வாசலில் தலைமையாசிரியர் நம்பிராஜன் கன்னம் உப்ப விசில் ஊதிக்கொண்டிருந்தார். பாதி வகுப்புகள் காலி. வண்டி நிறையப் பிள்ளைகளைப் பார்த்ததும் விசில் வாயிலிருந்து விழுந்தது.

பூவரச மரத்துக் கிளையில் மணியைக் கட்டினார்கள். நம்பிராஜன் கம்பியை இஸ்மாயிலிடம் நீட்டினார்.

“கொண்டாந்தது நீங்க. நீங்களே அடிங்க.”

இஸ்மாயில் கம்பியைக் குழலியிடம் கொடுத்தார். “சத்தம் எனக்கு ஆகாது. இவ அடிக்கட்டும்.”

குழலி அடித்தாள். முன்பு அடித்ததைவிட இரண்டு பங்கு பலமாக. குளத்து நாரைகள் எழுந்து பறந்தன. நான்கு பக்கத்து வரப்புகளிலிருந்தும் பிள்ளைகள் ஓடிவந்தார்கள். எங்கோ ஒரு மாடு கத்தியது. இஸ்மாயில் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு நின்றார்.

“போதும், போதும். உள்ள போங்க” என்றார் நம்பிராஜன்.

உள்ளே போனதும் வண்டியைப் பார்க்க முடியவில்லை. ஐந்தாம் வகுப்பின் சன்னல் குளத்துப் பக்கம் இருந்தது. சாலை அந்தப் பக்கம். சக்கரம் உருளும் சத்தம் மட்டும் கேட்டது. ஸ்டேஷன் பக்கம் போகிற மாதிரிதான் கேட்டது.

அன்று சார் நடத்திய பாடம் எதுவும் குழலியின் தலையில் ஏறவில்லை. தென்காசியிலிருந்து ரயில் எத்தனை மணிக்கு? கொல்லத்துக்கு எப்போது?

பள்ளி விட்டதும் ஓடினாள். கரையில் ஓடினாள். வரப்பில் ஓடினாள். ஒரு இடத்தில் வழுக்கி விழுந்து, எழுந்து ஓடினாள்.

படலைத் திறந்தாள். வாசலில் கொடி கட்டியிருந்தது. கொடியில் ஈரத்துண்டுகள். பூப்போட்ட சேலை ஒன்று. கட்டம் போட்ட கைலி ஒன்று. சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் வடிந்தது.

அப்பா கைலியைப் பிழிந்து மறுபடி போட்டுக்கொண்டிருந்தார். அவர் தலையும் ஈரமாக இருந்தது.

“சத்தம் போடாதட்டி” என்றார். “தூங்குதாரு.”

“போகலையாப்பா?”

“பாலம் வரைக்கும் போனாராம். அங்கன வண்டிய நிறுத்தி, காது குடுத்துக் கேட்டிருக்காரு. மணி கொளத்துக்கு அந்தப் பக்கம் போயாச்சு, பிள்ளைகளும் போயாச்சு. ‘அப்ப அந்த வீட்ல இப்ப ஒரு சத்தமும் இருக்காதுல்ல’ன்னு கேட்டாராம். அந்த அம்மா, ‘அப்ப திரும்பிப் போயி அருவியயும் பாத்துரலாம்’னு சொல்லிட்டாங்களாம். வண்டி திரும்பிருச்சு.”

“நீயும் அருவிக்குப் போனியா?”

“கையப் பிடிச்சு இழுத்துட்டுப் போயிட்டாரு. தண்ணி அப்படி விழுது.” அப்பா தலையைத் துவட்டிக்கொண்டார். அவர் சிரிக்கிறார் என்று தெரிய குழலிக்குக் கொஞ்ச நேரம் ஆனது. “பத்து நாள் இருப்பாராம். அடுத்த மாசம் தம்பி குடும்பம் வருதாம்.”

“அப்ப கொல்லம்?”

“கொல்லத்துக்கு என்ன? அது அங்கனயே இருக்கட்டும்.”

குழலி துண்டின் நுனியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அதிலிருந்து அருவியின் குளிர் கையில் ஏறியது.

“என்னைய விட்டுட்டுப் போயிட்டியே” என்றாள்.

“சனிக்கிழம போவோம்.”

“எல்லாச் சனிக்கிழமையுமா?”

அப்பா கைலியைக் கொடியில் இழுத்துவிட்டார்.

“தண்ணி விழுத எல்லாச் சனிக்கிழமையும்” என்றார்.