பாதி மோதிர விரல்

"என் வீட்டுக்காரர் நடிக்கிறாரா இல்லையா, அத மட்டும் கண்டுபிடிச்சுச் சொல்லுங்க சார். நடிப்புன்னா இப்படியே அண்ணன் வீட்டுக்குப் போயிடுவேன்" என்றாள் வந்தவள். பெட்டியும் கையோடு வந்திருந்தது.

துப்பறிவாளர் பெட்டியைச் சந்தேகமாகப் பார்த்தார். தன் செருப்பைக்கூட அவர் அப்படித்தான் பார்ப்பார். அதற்குள் அவருடைய உதவியாளனும் மனைவியின் தம்பியுமான முந்திரிக்கொட்டை, "நடிப்புதான் அத்தான்!" என்று வழக்கையே முடித்துவிட்டான்.

அவள் கணவனுக்குக் கண்ணாடிக் கடையில் கண்ணாடி அறுக்கும் வேலை. ஒரு சில்லு முழங்கையைக் கிழித்தது. காயம் ஆறியும் வேலைக்குப் போகவில்லை.

"சுண்டுவிரல் மரத்துப்போச்சாம். மோதிர விரல்ல பாதி மட்டும் மரத்துப்போச்சாம். புளுகுக்கும் ஒரு அளவு வேணாமா? முழங்கையில நரம்பு அறுந்தா விரலை விரிக்கவே முடியாது, இவன் நடிக்கிறான்னு கடை முதலாளி அனுப்பின டாக்டரே சொல்லிட்டார். ஊரை ஏமாத்தட்டும் சார். என்கிட்டயேவா?" அங்கே அவள் குரல் உடைந்தது.

மூவரும் அவள் வீட்டுக்குப் போனபோது கணவன் துவைத்த துணிகளைக் கொடியில் போட்டுக்கொண்டிருந்தான். காயம்பட்ட கையின் விரிந்த விரல்களுக்கிடையே வரிசையாக க்ளிப்புகள். "கையும் களவுமா மாட்டிக்கிட்டான்!" என்று முந்திரிக்கொட்டை அத்தானின் விலாவில் இடித்தான்.

துப்பறிவாளர் அந்த ஈரக் கையைப் பிடித்துக் குலுக்கினார். குலுக்கியவர் விடவில்லை.

"ரொம்ப நேரமாத் துவைக்கிறீங்களோ?"

"காலையிலேருந்து சார். அவ கோவமா இருக்கா. துணியாவது சுத்தமாகட்டுமேன்னு..."

"அம்மா, இங்க வந்து பாருங்க. தண்ணியில ஊறி விரல் நுனியெல்லாம் சுருங்கியிருக்கு. சுண்டுவிரல் மட்டும் வழவழன்னு இருக்கு. மோதிர விரல்ல ஒரு பக்கம் சுருக்கம், ஒரு பக்கம் இல்ல. அந்த விரலை ரெண்டு நரம்பு பாதிப்பாதியாப் பங்கு போட்டுக்குது. நரம்பு செத்த தோல் ஊறினாலும் சுருங்காது. மனுஷன் நடிப்பான். தோலுக்கு நடிக்கத் தெரியுமா?"

"அப்ப க்ளிப்பு?" முந்திரிக்கொட்டை விடுவதாயில்லை.

"எல்லார் கையிலயும் நரம்பு ஒரே மாதிரி ஓடாதுடா. சில பேருக்கு, நடுவுல ஓடற நரம்பு முழங்கைக்குக் கீழ சுண்டுவிரல் நரம்புக்கு ஒரு கிளையைக் குறுக்கால அனுப்பும். சுண்டுவிரல் நரம்பு மேல முழங்கையில அறுந்தாலும் விரலை அசைக்கற உத்தரவு அந்தக் குறுக்குச் சந்துல புகுந்து போயிடும். தொடு உணர்ச்சிக்கு அந்தச் சந்து கிடையாது. அதான் விரல் விரியுது, ஆனா மரத்திருக்கு. நரம்பு டாக்டர் கரண்ட் வச்சுப் பார்த்தா உறுதியாயிடும்."

கணவன் பொருமினான். "கண்ணாடி விளிம்பு விரல்ல படறதே தெரியல சார். எப்படி வேலைக்குப் போறது? யார் நம்பினாங்க? இவளே நம்பலையே..."

அவன் பேசிக்கொண்டே போனான். "கொஞ்சம் கீழ பாருங்க" என்றார் துப்பறிவாளர்.

பார்த்தான். அவனுடைய சுண்டுவிரலை அவள் இறுகப் பிடித்துக்கொண்டிருந்தாள். எவ்வளவு நேரமாகவோ.

அதற்குள் முந்திரிக்கொட்டை பெட்டியை வீட்டுக்குள் கொண்டுபோய் வைத்துவிட்டான்.