அறுபது கிலோ மணல்

2007 ஐப்பசியில், தூறல் விட்டிருந்த ஒரு வியாழக்கிழமை காலையில், மலையடிவாரத்துக் காரவள்ளியில், டீக்கடை முன்னால் வேனிலிருந்து அந்த சைக்கிளை இறக்கினோம். பார்ப்பதற்குச் சாதாரண சைக்கிள்தான். பின்சக்கரத்தின் நடுவில் மட்டும் தேங்காய்ப் பருமனில் ஒரு மோட்டார். அதற்குள் பொடிப்பொடியாகப் பற்சக்கரங்கள். மேடு ஏறுவதில் கெட்டிக்கார மோட்டார் என்று பொங்கியண்ணன் நாலு நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தார். சேந்தமங்கலத்தில் அவருடைய பட்டறையில் நான் மெக்கானிக்.

எழுபது கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறி, என் ஊரான சோளக்காட்டுக்குப் போய்ச் சேர வேண்டும். கேரியரில் அறுபது கிலோ மணல் மூட்டை.

“ஒரே பாரத்தோட ரெண்டு வாட்டி ஏறோணும் தரணி. ரெண்டு வாட்டியும் மீட்டர் ஒண்ணாட்டக் காட்டோணும். நடுவுல காலு ஊனக்கூடாது, பாரம் மாறக்கூடாது” என்று சொல்லிவிட்டு அவர் வேனில் முன்னால் போய்விட்டார்.

மேலே சோளக்காட்டில் என் மனைவி ஹேமலதாவும் நாலு வயது மகள் மணிமேகலையும் காத்திருப்பார்கள். சோதனை முடிந்ததும் கேரியரில் முதல் சவாரி உனக்குத்தான் என்று மகளிடம் சொல்லி வைத்திருந்தேன். அவளுக்காக நான் எதையும் செய்வேன். அன்று காலை வரை என்னை நல்லவன் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

மோட்டார் மெல்லிய ரீங்காரத்தோடு ஏறியது. மோட்டார் இழுக்கும் மின்சாரத்தைக் காட்டும் மீட்டர் முள் பதினொன்றில் ஆணி அடித்த மாதிரி நின்றது.

நாற்பத்து நாலாவது வளைவில் ஒரு பெண் ஓடி வந்தாள். இடுப்பில் ஐந்து வயதுப் பெண்குழந்தை. குழந்தையின் இடது கால் முழங்கால்வரை வீங்கிப் பளபளத்தது.

“சாமி, எம்புள்ளயப் பூச்சி கடிச்சுப்போட்டுதுங்க. மேல ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் உட்டுருங்க சாமி.”

மலையில் பாம்பைப் பூச்சி என்றுதான் சொல்வார்கள். எனக்குப் புரியாமல் இல்லை. நான் நிறுத்தவில்லை. அவள் சைக்கிளோடு கூடவே ஓடிவந்தாள். ஓட்டத்திலேயே குழந்தையின் வாயில் வேப்பிலையைத் திணித்தாள்.

“கசக்குதா கண்ணு?”

“இல்லம்மா. இனிக்குது.”

விஷம் தலைக்கு ஏறினால் வேப்பிலை கசக்காது என்பார்கள். அந்தத் தாய் ஓடிக்கொண்டே அலறினாள்.

“மணல அவுத்து வீசிப்போட்டு எம்புள்ளய வெச்சுக்குங்க சாமி!”

“பாரம் மாறக்கூடாதும்மா. பின்னால பஸ் வரும், அதுல வா” என்றேன்.

காலை பஸ் போய்விட்டது, அடுத்தது மத்தியானம்தான் என்று எனக்கு நன்றாகத் தெரியும். இரண்டு வளைவுகள்வரை அவளுடைய காலடிச் சத்தம் கேட்டது. பிறகு கேட்கவில்லை. நான் நாற்பத்தாறு என்று எண்ணிக்கொண்டேன்.

சோளக்காட்டில் பொங்கியண்ணன் என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். அந்தப் பெண்ணைப் பற்றி யாரிடமும் நான் வாய் திறக்கவில்லை. சவாரி கேட்டு அழுத மகளிடம், இன்னொரு சோதனை இருக்கிறது, அடுத்த வாரம் என்று சமாதானம் சொன்னேன். மறுநாள் சந்தையில் மிளகு மூட்டை இறக்க வந்தவர்கள்தான் பேசிக்கொண்டார்கள். அவள் பெயர் குப்பாயியாம். மத்தியான பஸ் வரும்வரை சாலையோரத்திலேயே, செத்துப்போன பிள்ளையின் வாயில் வேப்பிலையைத் திணித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாளாம்.

 அன்று ராத்திரியும் சாப்பிட்டேன். தூங்கினேன்.

அடுத்த வியாழக்கிழமை இரண்டாவது சோதனை. அதே சைக்கிள், அதே மணல். காலை ஒன்பது மணிக்கே மலையைப் பனி மூடியிருந்தது. பத்தடிக்கு மேல் சாலை தெரியவில்லை. ஈர மண் வாசனை. மோட்டாரின் ரீங்காரத்தைத் தவிர வேறு சத்தம் இல்லை. குருவிகூடக் கத்தவில்லை.

நாற்பத்து மூன்றாவது வளைவுவரை முள் பதினொன்றில் நின்றது.

நாற்பத்து நாலில் பன்னிரண்டுக்குப் போனது.

ரீங்காரம் கனத்தது. பின்சக்கரம் ஒரு முறை அமுங்கி எழுந்தது. பாதை அதே ஏற்றம்தான், காற்றும் இல்லை. மெக்கானிக் புத்தி எந்த நேரத்திலும் வேலை செய்யும். முள் இந்த அளவு ஏற எத்தனை கிலோ கூட வேண்டும் என்று மனசு தானாகவே போட்டுப் பார்த்தது.

பதினைந்து கிலோ. ஐந்து வயதுக் குழந்தையின் எடை.

மென்ற வேப்பிலை வாசனை என் கழுத்துக்குப் பின்னால் வந்தது.

நான் திரும்பவில்லை.

“மாமா.”

காதோரம், மெதுவாக.

“இன்னும் எத்தன வளைவுங்க மாமா?”

 சைக்கிளைப் போட்டுவிட்டு ஓடியிருக்கலாம். கால் ஊன்றக்கூடாது என்ற நினைப்பு அப்போதும் போகவில்லை, அதுதான் என் லட்சணம். ஐம்பதாவது வளைவு தாண்டியதும்தான் உடம்பு தாங்காமல் நிறுத்தினேன். காலை ஊன்றினேன். முன்னால் பார்த்தபடியே சொன்னேன்.

“எறங்கு.”

பிரேக்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

“எறங்குன்னு சொல்றேன்ல. எடம் இல்ல.”

பின்னாலிருந்து கெஞ்சலாக வந்தது.

“நான் கனமா இருக்க மாட்டனுங்க மாமா.”

செத்த குழந்தையைக்கூட ஒரு தடவை விரட்டிப் பார்த்தவன் நான். மறுபடி கிளப்பினேன். முள் பன்னிரண்டிலிருந்து இறங்கவில்லை. அப்போதுதான் என் மகள் ஞாபகம் வந்தது. மேலே அவள் இதே கேரியருக்காகக் காத்துக்கொண்டிருப்பாள். சோளக்காட்டில் நிற்கவே கூடாது, நேராக ஆஸ்பத்திரி வாசலுக்குப் போய் இதை இறக்கிவிட்டுவிட வேண்டும் என்று முடிவு செய்தேன். ஒவ்வொரு வளைவாக வாய்விட்டு எண்ணிச் சொன்னேன். பின்னால் மூச்சுச் சத்தம் கேட்டுக்கொண்டே வந்தது.

எழுபது.

சோளக்காடு பஸ் நிறுத்தத்தில், சாலை நடுவே கையை விரித்தபடி பொங்கியண்ணன் நின்றார். பிரேக்கை அமுக்காமல் வழியில்லை.

“பன்னண்டு காட்டுது? எப்பிடிப்பா பன்னண்டு?” என்று மீட்டரைக் குனிந்து பார்த்தார். “காலு ஊனிட்டியா?”

“உடுங்கண்ணா, நான் போகோணும்...”

பேசி முடிப்பதற்குள் சைக்கிள் அசைந்தது. மணிமேகலை மணல் மூட்டைமேல் ஏறி உட்கார்ந்துவிட்டாள்.

“அப்பா, இந்தப் புள்ளையத் தள்ளி உக்காரச் சொல்லு” என்றாள்.

அலறிக்கொண்டே அவளைத் தூக்கி மார்போடு அணைத்தேன். ஹேமலதா பயந்து ஓடிவந்தாள். ஏறக்குறைய என் எடையே இருக்கும் பொங்கியண்ணன் சைக்கிளில் தாவி ஏறி, நான் வந்த மேட்டிலேயே ஒரு முறை ஏற்றிப் பார்த்துவிட்டுத் திரும்பினார்.

“பதினொண்ணுதான்ப்பா! நல்லாத்தான் இருக்குது. உனக்குத்தான் கண்ணு மங்கிப் போச்சு.”

அவர் சிரித்தார். என் கைகள் இறங்கிக்கொண்டே போயின. தினமும் தூக்குகிற பிள்ளை. அன்று ஒரு நிமிஷம் தாங்க முடியவில்லை.

மகள் என் முகத்தைப் புதிதாகப் பார்ப்பவள்போலப் பார்த்தாள்.

“மாமா, எங்கம்மா கீழயே நிக்குதுங்க” என்றாள். “வாங்க, போய்க் கூட்டிட்டு வரலாம்.”

இரண்டு வருஷமாகிறது. பார்க்காத வைத்தியம் இல்லை. கோவில்களுக்கும் போனோம். மணிமேகலை சாப்பிடுகிறாள், பள்ளிக்கூடம் போகிறாள், என்னிடம் மரியாதையாகப் பேசுகிறாள். ஹேமலதாவை அத்தை என்று கூப்பிடுகிறாள். ஹேமலதா சமையலறையில் போய் அழுவாள். என்ன நடந்தது என்று அவளிடம் இன்றுவரை நான் சொல்லவில்லை.

போன மாதம் சந்தையில் குப்பாயி மிளகு விற்றுக்கொண்டிருந்தாள். என் மகள் என் கையை உதறிவிட்டு ஓடிப்போய் அவள் மடியில் படுத்துக்கொண்டாள். குப்பாயி என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை. குனிந்து, பிள்ளையின் இடது காலை முழங்கால்வரை மெதுவாகத் தடவிக்கொடுத்தாள்.