குறைந்த எண்ணெய் எங்கே போனது?

காலை எட்டரைக்குப் போன் வந்தது. தெருமுனை வளைவில் கார் மதிலில் மோதி, மனைவி ஆஸ்பத்திரியில். கணக்கு வாத்தியார் ஓடினார். அந்தக் காரின் ஸ்டீயரிங் எண்ணெயை நேற்றுதான் வீட்டு ஷெட்டில் தன் கையாலேயே மாற்றியிருந்தார்.

ஆஸ்பத்திரி வாசலிலேயே மச்சான் சட்டையைக் கொத்தாகப் பிடித்தான். மனைவியின் தம்பி, போட்டோகிராஃபர், அக்கா என்றால் உயிர்.

"அக்காவைக் கொல்லத்தான் நேத்து ஷெட்டுல உக்காந்து நோண்டினீங்களா மாமா?"

கண்விழித்த மனைவியோ, "அவரை உள்ள விடாதீங்க" என்று நர்ஸிடம் சொல்லிவிட்டாளாம். கால் முறிந்தது அவளுக்கு, இடிந்துபோனது இவர்.

மத்தியானம், போலீஸ் ஸ்டேஷன் பின்பக்கம். மச்சானும் கூட வந்திருந்தான். நசுங்கிய பானெட்டை நெம்பித் திறந்துவிட்டு இன்ஸ்பெக்டர் அம்மா கேட்டார்.

"என்ன செஞ்சீங்க? ஒண்ணுவிடாம சொல்லுங்க."

"முன்சக்கரத்தை ஜாக்கில தூக்கினேன் மேடம். எண்ணெய் திரும்பி வர்ற குழாயைக் கழட்டி பாட்டில்ல விட்டேன். ஸ்டீயரிங்கைத் திருப்பத் திருப்ப கருப்பா வந்துச்சு. சிவப்பா வர்ற வரைக்கும் புதுசை ஊத்தினேன். குழாயை மாட்டிட்டு, காத்தை வெளியேத்தினேன்."

"எதுக்கு மாத்தினீங்க?"

"ஞாயித்துக்கிழமையிலேர்ந்து திருப்பினா முனகுச்சு. ஸ்டீயரிங் டப்பாவுல பாதி எண்ணெயைக் காணோம்."

"கசிவு?"

"சொட்டு இல்ல. அதான் எனக்கும் புரியல."

"ஞாயித்துக்கிழமை வண்டி யார்கிட்ட இருந்துச்சு?"

"என்கிட்டதான்" என்றான் மச்சான், நெஞ்சை நிமிர்த்தி. "கீறல் படாம கொண்டுவந்து விட்டேன்."

இன்ஸ்பெக்டர் குனிந்து முன்சக்கரத்தைப் பார்த்தார். பிறகு பிரேக் டப்பாவின் மூடியைத் திருகினார். உள்ளே இருந்த ரப்பர், தண்ணீரில் ஊறிய ரொட்டி மாதிரி உப்பியிருந்தது. டார்ச் அடித்தார். மேலாகக் கருப்பு எண்ணெய் மிதந்தது.

"சக்கரம் முழுசா திரும்பியிருக்கு. ஸ்டீயரிங் மேல பழியே இல்ல. போனது பிரேக். பிரேக்குக்குள்ள ஸ்டீயரிங் எண்ணெய் போனா ரப்பரெல்லாம் ஊதிப்போகும்."

மச்சான் துள்ளினான். "பாத்தீங்களா! அதுலயும் இவர்தான் ஊத்தியிருக்காரு!"

"ஒரே ராத்திரியில ரப்பர் இவ்வளவு ஊதாது. இவர் கைவைக்கறதுக்கு முன்னாடியே, ஸ்டீயரிங் டப்பாவிலேர்ந்த பழைய எண்ணெயை எடுத்து யாரோ இதுல ஊத்தியிருக்காங்க. அதான் கசியாமலே குறைஞ்சிருக்கு." அவனை நேராகப் பார்த்தார். "ஞாயித்துக்கிழமை, பிரேக் எண்ணெய் குறைஞ்சா எரியற விளக்கு எரிஞ்சுதா தம்பி?"



"எரிஞ்சுது... பக்கத்து டப்பா நிறைய இருந்துச்சு. ரெண்டும் எண்ணெய்தானேன்னு கொஞ்சம் உறிஞ்சி ஊத்தினேன். விளக்கு அணைஞ்சிடுச்சு மேடம், சரியாயிடுச்சுன்னு..." சட்டென்று தலையில் அடித்துக்கொண்டான். "ஐயோ! நானா? எங்க அக்காவை நானா?"

அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான்.

"உங்க மேல தப்பில்ல சார்" என்றார் இன்ஸ்பெக்டர். "உங்க சம்சாரத்துக்கிட்ட நானே சொல்றேன், போய்ப் பாருங்க."

வாத்தியார் நகரவில்லை. "ஏண்டா, எனக்கு ஒரு போன் பண்ணிக் கேட்டிருக்கக் கூடாதா?"

"கேட்டா நீங்க கத்துவீங்க மாமா."

"நான் எப்படா கத்தினேன்?" என்று வாத்தியார் போட்ட சத்தத்தில் ஸ்டேஷனே திரும்பிப் பார்த்தது.