யாரோ நிறுத்திய வண்டி

என்ஜின் வெதுவெதுப்பாக இருந்தது.

ஒரு வருடமாக யாருமே தொடாத வண்டி என்று சொல்லித்தான் அவனைக் கொட்டகைக்குள் விட்டிருந்தார்கள். தகரக் கூரையிலிருந்து பனிநீர் சொட்டிக்கொண்டிருந்த பிற்பகல் அது. ஸ்பேனரைத் தொட்டாலே விரல் விறைத்துப்போகும் குளிரில், பைக் போலச் சீட்டும் கைப்பிடியும் வைத்த அந்தப் பழைய நாலு சக்கர வண்டியின் என்ஜின்மேல் வைத்த உள்ளங்கையில் மட்டும், காய்ச்சல் கண்ட குழந்தையின் நெற்றியைத் தொட்டாற்போல ஒரு சூடு ஏறியது. கையை எடுத்து பேண்ட்டில் துடைத்துக்கொண்டான். மறுபடி வைத்துப் பார்க்க மனம் வரவில்லை.

"என்னடா தடவிக் குடுக்கிற? பால் கறக்கப் போறியா?"

வாசலிலிருந்து கத்தியது ஆமாஞ்சாமி. முதலாளி எதைச் சொன்னாலும் தலையாட்டுகிற மேற்பார்வைக்காரனுக்குப் பண்ணையாட்கள் வைத்த பெயர் அது.

"இருட்டுறதுக்குள்ள ஓடணும். கடைசி வேலி வரைக்கும் நடக்க முடியாதாம் வேலி பார்க்கப் போற துரைமாருக்கு. முதலாளி சொல்லிட்டாரு."

"இதுக்கு முன்னாடி யாருண்ணே இதப் பார்த்தது?"

"ஒருத்தன் பார்த்தான். பாதியில போட்டுட்டு ஓடிட்டான். நீயும் அந்த மாதிரி ஏதாவது பண்ணினே, பெட்டியோட உன்னைத் தூக்கி ரோட்ல வீசிடுவேன்."

இவ்வளவு பேசியும் ஆமாஞ்சாமியின் பூட்ஸ் வாசற்படியைத் தாண்டவில்லை. கண்ணும் வண்டிப் பக்கம் திரும்பவில்லை. போகும்போது கதவை இழுத்துவிட்டுப் போனான்.

ஓடிப்போன அந்த 'ஒருத்தன்' இவனுடைய அக்கா புருஷன். வாரம் தவறாமல் போன் செய்கிறவர், ஒரு பழைய வண்டியைச் சரி பண்ணச் சொல்லியிருக்கிறார்கள் என்று சொன்னதோடு சரி. அதற்குப் பிறகு ஒரு வருடமாக மூச்சில்லை. அவரைத் தேடித்தான் இவனும் இதே பண்ணைக்கு வேலைக்கு வந்தான். உறவென்று ஒருவரிடமும் வாய் திறக்கவில்லை.

கையெல்லாம் கிரீஸ். போனைப் பெஞ்சில் சாய்த்து வைத்து அதனிடமே பேசினான், அது எழுதி அக்காவுக்கு அனுப்பியது. 'அக்கா, அத்தான் பார்த்த வண்டி கிடைச்சிருச்சு. இத ஓட வச்சா கடைசி வேலி வரைக்கும் போய்த் தேடிடலாம்.'

உடனே அக்காவின் குரல்பதிவு வந்தது. "பார்த்துடா தம்பி. அந்த மனுஷன் ஓடிப்போற ஆளா? தெருமுனை தாண்டினாலே வழி கேட்டு எனக்கு போன் பண்ற ஜென்மம். சோடா மூடியப் பல்லால திறக்கிறேன்னு முன்பல்ல உடைச்சுக்கிட்ட சூரப்புலி. 'சரி'ன்னு சொன்னாக்கூட விசில் அடிக்கும். அந்த விசில் சத்தத்தக் கேட்டு..." குரல் அங்கேயே உடைந்து நின்றது.

அவன் வேலையைத் தொடங்கினான்.

பண்ணைத் தண்ணீர் பம்ப்பிலிருந்து கழற்றி வந்த நல்ல பேட்டரியை மாட்டினான். சாவியைத் திருப்பினால் ஒரு விளக்குகூட எரியவில்லை. ஃபியூஸ் போயிருக்கும் என்று மூடியைத் திறந்தான். ஃபியூஸ் எரிந்திருக்கவில்லை, அது இருக்கவே இல்லை. அந்த இடத்தில் மெழுகை உருக்கி ஊற்றி நிரப்பியிருந்தார்கள். சுரண்டி எடுத்துப் புது ஃபியூஸ் போட்டதும் பச்சை விளக்கு எரிந்தது. செல்ஃப் பட்டனை அழுத்தினான். டக். அவ்வளவுதான். எர்த் வயரைப் பிடித்துக்கொண்டு போனால், அது சட்டத்தோடு சேரும் போல்ட்டுக்கு அடியில் பிளாஸ்டிக் தாளை அளவாக வெட்டி, மடித்துச் செருகியிருந்தது. துரு அப்படி மடித்து வைக்காது. அதையும் உருவி, இரும்பைத் தேய்த்துப் பளபளவென்றாக்கி முடுக்கியபின் என்ஜின் சுற்றியது, ஆனால் பிடிக்கவில்லை. பெட்ரோல் வராமல் பிளக் காய்ந்து கிடந்தது. பெட்ரோல் குழாயைக் கழற்றிக் கம்பியை விட்டுத் துழாவினான். உள்ளிருந்து, கிழித்துத் திணித்த துணி, முழங்கை நீளத்துக்கு வந்துகொண்டே இருந்தது.

பழுதென்றால் அவனுக்குப் பயமில்லை, பழுதுக்குக் காரணம் உண்டு. இது பழுதில்லை. யாரோ உட்கார்ந்து, நிதானமாக, இந்த வண்டியைக் கொன்றிருக்கிறார்கள். செத்த பிறகும் நம்பிக்கை வராமல் மறுபடி மறுபடி கொன்றிருக்கிறார்கள்.

ஜன்னலுக்கு வெளியே பனி வெள்ளைச் சுவராக நின்றது. எங்கோ நாய் ஒன்று குரைத்து, சட்டென்று நிறுத்திக்கொண்டது.

எல்லாம் சரி பண்ணியும் பிளக்கில் பொறி இல்லை. டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு கைப்பிடிக்குக் கீழே எட்டிப் பார்த்தான். என்ஜினை நிறுத்துகிற வயர் அங்கே தோல் உரிந்து, செம்பு வெளியே தெரிய, சட்டத்து போல்ட்டில் சிக்கிக் கிடந்தது. அது இரும்பைத் தொட்டுக்கொண்டிருக்கும்வரை பொறி வராது. எலி கடித்திருக்கும் என்று நினைத்தான். நினைத்துக்கொள்வது வசதியாக இருந்தது. அந்தத் துண்டை நறுக்கி எறிந்தான். மிச்சம் எங்கும் பட்டுத் தொலையக் கூடாதென்று ஒட்டக் கத்தரித்து டேப் சுற்றினான். இனி சாவியைத் திருப்பினாலும் என்ஜின் நிற்காது. அதனாலென்ன, பெட்ரோலை மூடினால் நின்றுவிடப் போகிறது.

பட்டனை அழுத்தினான்.

பிடித்தது. முதல் அழுத்தலிலேயே, இருமாமல், புகையாமல், இவ்வளவு நேரமும் காத்துக்கொண்டிருந்தது போல. ஹெட்லைட் வெளிச்சம் தரையில் விழுந்தது. அவன் நறுக்கி எறிந்த வயர்த்துண்டு அதில் கிடந்தது.

குனிந்து எடுத்தான்.

எலி இல்லை. ரப்பர் உறையின் மேல்பக்கம் ஒரு தடம், கீழ்ப்பக்கம் ஒரு தடம். மனிதப் பல் வரிசை. மேல் வரிசையில், நடுவில், ஒரு பல்லின் இடம் காலி.

"அத்தான்," என்றான். என்ஜின் ஒருமுறை உறுமிவிட்டு மறுபடி சீராக ஓடியது.

சாவியைத் திருப்பினான். ஓடியது. ஓடத்தான் செய்யும், அவன்தானே வயரை வெட்டினான். பெட்ரோலை மூடினான். கார்புரேட்டரில் மிச்சம் இருப்பது தீரட்டும் என்று காத்திருந்தான். தீரவில்லை. பேட்டரியைப் பிடுங்கினான். பழைய வண்டி, பேட்டரி இல்லாமலும் ஓடும், தெரியும். ஆனால் ஹெட்லைட் இன்னும் பிரகாசமானது. பிளக் தொப்பியைப் பிடுங்கினான். தொப்பி கையோடு வந்தது. பொறிக்கு இனி வழியே இல்லை.

ஓடிக்கொண்டிருந்தது.

கைப்பிடியில் ஒரு நிறுத்தும் பொத்தான் இருக்கும். எல்லா வண்டியிலும் இருக்கும். கைப்பிடிகள் இரண்டிலும் கெட்டியாகச் சாக்குத்துணி சுற்றியிருந்தது. பதற்றத்தில் பிரித்து எறிந்தான். வண்டி மெல்ல நகரத் தொடங்கவே சீட்டில் தாவி ஏறினான். இடது கட்டைவிரல் பொத்தானில், வலது கை பிரேக்கில். அழுத்தினான்.

அந்தப் பொத்தானின் வயரைத்தான் அவன் வெட்டியிருந்தான்.

கையை எடுக்கப் பார்த்தான்.

வரவில்லை.

ரப்பர் சூடாக இருந்தது. மெத்தென்று இருந்தது. உள்ளங்கை மாதிரி. அவன் விரல்களை அது திரும்பப் பிடித்திருந்தது.

வண்டி மோதிய வேகத்தில் கதவு பெயர்ந்து விழுந்தது. வெளியே பனி. முற்றத்து ஓரத்தில் ஆமாஞ்சாமி நின்றிருந்தான்.

"அண்ணே! கை மாட்டிக்கிச்சு! நிறுத்துங்கண்ணே!"

ஆமாஞ்சாமி முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

வண்டி கடைசி வேலியைப் பார்த்து ஓடியது. காலால் தரையை உதைத்தான். ஒரு பூட்ஸ் பிய்ந்து போனது. வயர். வயர் சட்டத்தைத் தொட்டால் போதும். கை இல்லை. வாய் இருக்கிறது. குனிந்தான். டேப்பைக் கடித்துப் பிய்த்துத் துப்பினான். மிச்ச வயரைப் பல்லால் இழுத்தான். போல்ட்டுக்கு எட்டவில்லை. ஒரு நகக்கண் தூரம். அவ்வளவுதான். அவன் ஒட்டக் கத்தரித்த அளவு.

இன்னும் இழுத்தான். ஈறு கிழிந்தது. செம்பும் ரத்தமும் ஒரே ருசி.

எட்டவில்லை.

அப்போது சீட்டின் பின்பக்கம் அமுங்கியது. யாரோ ஏறி உட்கார்ந்தது போல. ஈரச் சட்டை ஒன்று அவன் முதுகில் ஒட்டியது. இரண்டு பக்கமும் இரண்டு கைகள் நீண்டு வந்து, கைப்பிடியில் கிடந்த அவன் கைகள்மேல் மூடிக்கொண்டன. அவற்றில் தோல் இல்லை.

காதோரம் மூச்சு. உடைந்த பல்லின் சந்து வழியாக, மெல்லிய விசிலோடு.

"எதுக்குடா சரி பண்ணின?"