நாற்பத்தொரு விநாடி

நாற்பத்தொரு விநாடி ஓடவேண்டிய ஒலிப்பதிவை, புது எஸ்எஸ்டி டிரைவ் நாற்பத்துநான்கு விநாடி என்று காட்டியது.

அவன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தான். நாற்பத்துநான்குதான். மலிவு விலைக் கணினிச் சாமான்களைச் சோதித்து, எது தேறும் எது தேறாது என்று ஓர் இணையதளத்துக்கு எழுதுவது அவன் பிழைப்பு. ஏழு வருடத்தில், காப்பி எடுத்த கோப்பு உடைந்து பார்த்திருக்கிறான், பாதியில் அறுந்து பார்த்திருக்கிறான், காணாமலே போயும் பார்த்திருக்கிறான். வளர்ந்து பார்த்ததில்லை.

எந்த டிரைவ் வந்தாலும் அவன் முதலில் ஏற்றிப் பார்ப்பது மகளின் குரல் பதிவுகளைத்தான். வேறு எதையாவது ஏற்றினால் கவனம் பிசகும். இவளை ஏற்றினால் பிசகாது. சோதனை முடிந்ததும் துடைத்துத் திருப்பி அனுப்பிவிடுவான். வீட்டில் அவளுக்கு வாலு என்று பெயர். ஆறு வயதில், நான்கு நாள் காய்ச்சலில் போய்விட்டாள். மூன்று வருடமாகிறது. எல்லாவற்றுக்கும் இரண்டு பிரதி வையுங்கள் என்று ஊருக்கெல்லாம் எழுதுகிறவன், அவளுக்கு வைக்கவில்லை. அவள் குரல் இருந்தது பழைய ஹார்ட் டிஸ்க் ஒன்றில் மட்டும். அது இரண்டு வாரமாக, தூக்கத்தில் பல்லைக் கடிப்பவர்போல், உள்ளே டிக் டிக்கென்று சத்தம் போட்டுக்கொண்டிருந்தது. இந்த எஸ்எஸ்டியைத் திருப்பி அனுப்பப் போவதில்லை. இது தேறியாக வேண்டும்.

"மறுபடியும் அவளையா ஏத்துறீங்க?"

மனைவி அறை வாசலில் நின்றாள். இரவு முழுக்கத் துணி ஆலையில் நின்றுவிட்டு வந்த களைப்பு முகத்தில் அப்பியிருந்தது.

"பழசு போயிடும் போலிருக்கு. அதான்."

"இந்தத் தீப்பெட்டியை நம்பியா? அவ உண்டியல் இதைவிடக் கனமா இருக்கும்."

"உள்ள அசையுற பாகமே கிடையாது. சத்தமே வராது."

"நம்ம வாலு, சத்தம் வராத இடத்துலயா? நல்லா இருப்பா போங்க." சிரிக்கப் பார்த்தாள், பாதியில் விட்டுவிட்டாள். "நான் கொஞ்சம் கண்ணசர்றேன். கதவைச் சாத்திக்குங்க."

அந்த நாற்பத்தொரு விநாடிப் பதிவை மனைவி ஒருமுறைகூடக் கேட்டதில்லை. அவனுக்கோ மனப்பாடம். கண்ணாமூச்சி ஆட்டம். இதே மேசைக்கடியில் ஒளிந்துகொண்டு, கையிலிருந்த போனில் அவன் பதிந்தது. மகள் கூடத்துச் சுவரில் முகம் பதித்து இருபது வரை எண்ணுவாள், பதின்மூன்றை எப்போதும்போல் விட்டுவிட்டு. கடைசியில், "வரட்டுமா?" அத்துடன் முடியும். அந்த நிமிடம் போன் சத்தமில்லாமல் அதிர்ந்தது. அவன் பின்கதவால் நழுவி, பேசிக்கொண்டே தெருவில் இறங்கி நடந்தான். ஆட்டத்தை மறந்தே போனான். ஒரு மணி நேரம் கழித்து வந்தபோது அவள் இன்னும் கதவுகளுக்குப் பின்னால் தேடிக்கொண்டிருந்தாள். அடுத்த வாரம் காய்ச்சல். அன்றிலிருந்து அந்த "வரட்டுமா" அவன் காதில் விடைபெறும் சொல்லாகவே விழுந்துகொண்டிருந்தது.

ஹெட்ஃபோனை மாட்டினான். பத்தொன்பது, இருபது, வரட்டுமா. அதன்பின் மூன்று விநாடி. வெறும் தரையில் சின்னக் கால்கள்.

சும்மா கிடக்கும் நேரத்தில் இத்தகைய டிரைவ் உள்ளே இருப்பதைத் தானே இடம் மாற்றி அடுக்கிக்கொள்ளும், பயப்பட ஒன்றுமில்லை என்று நேற்றுத்தான் எழுதியிருந்தான். அந்த வரியைத் திரும்பப் படித்தான். அதற்குள் கோப்பு இரண்டு நிமிடமாகியிருந்தது.

கேட்டான். குளியலறைக் கதவு. அலமாரிக் கதவு. அவன் ஒளிந்த நாளில் வெயில் கொளுத்தியது. பதிவிலோ ஜன்னல் தகரத்தில் மழை பெய்துகொண்டிருந்தது. ஜன்னலைப் பார்த்தான். அதே மழை. கூடத்தில் ஒரு கடிகாரத்தின் கனத்த டக் டக். போன வருடம் வாங்கிய கடிகாரம். கால்கள் அதனடியில் நின்றன.

"அப்பா, நான் ஜெயிக்க வேணாம். நீயே ஜெயிச்சுக்கோ. வெளிய வா."

மூன்று வருடம் தேடிய களைப்பு அந்தக் குரலில் இருந்தது. ஹெட்ஃபோனைக் காதோடு அழுத்திக்கொண்டான். பயம் அதற்குப் பிறகுதான் வந்தது.

கால்கள் திரும்பின. படுக்கையறைக் கதவின் கீல் முனகியது. யாரோ தூங்கும் மூச்சு.

"அம்மா அவுட்."

மூச்சு நின்றது.

ஹெட்ஃபோனைப் பிடுங்கி எறிந்தான். "ஏய்... எழுந்திரு. கேக்குதா?"

மழை. மழை மட்டும்.

எஸ்எஸ்டியின் கேபிளை உருவினான். உள்ளங்கையில் அது சுட்டது, காய்ச்சலின் இரண்டாம் நாள் நெற்றிபோல. அசையும் பாகம் கிடையாது. சத்தம் வராது. காதில் வைத்தான்.

ஒன்று. இரண்டு. மூன்று.

இரண்டு குரல்கள். ஒன்று சின்னது. இன்னொன்று, இரவு வேலை முடித்து வந்த தூக்கக் குரல்.

மேசைமேல் பழைய டிஸ்க் டிக்கென்றது. இன்னொரு டிக். பிறகு எதுவுமில்லை. திரையில் அதன் பெயர் இருந்த இடம் காலி.

பன்னிரண்டு. பதினான்கு. குரல்கள் மெலிந்துகொண்டே வந்தன. 'மின்சாரம் கொடுக்காமல் நெடுநாள் வைத்தால் உள்ளே இருப்பதை மறந்துவிடும்.' குறைகள் என்ற தலைப்பில் அவனே எழுதியது. நெடுநாள் என்றுதான் எழுதியிருந்தான். பதினைந்து, கிணற்றடியிலிருந்து வருவதுபோல். பதினாறு, வெறும் மூச்சு. இனி அவள் இதில் மட்டும்தான். இருவருமே இதில்தான்.

கேபிளை அவனே செருகினான்.

விளக்கு ஒளிர்ந்தது. மேசைக்கடியில் நுழைந்து முழங்காலைக் கட்டிக்கொண்டான். இடம் முன்னைவிடக் குறுகலாக இருந்தது. பதினேழு, பதினெட்டு. இப்போது அறைக்கு வெளியே. பத்தொன்பது. கதவுக்கு வெளியே. இருபது.

"வரட்டுமா?"

மூன்று வருடமாகச் சொல்லாமல் விட்ட பதில் அது.

"வா," என்றான்.

கைப்பிடி கீழிறங்கியது. கதவு திறந்தது. மேசைக்கடியிலிருந்து பார்த்தால் தரையும் கால்களும் மட்டுமே தெரியும். பின்னால் மனைவியின் வெறும் பாதங்கள். முன்னால் இன்னொரு ஜோடி. ஆறு வயதுப் பாதங்கள் அல்ல. மூன்று வருடம் வளர்ந்திருந்தன. ஆஸ்பத்திரியில் கட்டிய பிளாஸ்டிக் பெயர்ப்பட்டை மட்டும், வளரத் தெரியாமல், கணுக்காலின் சதைக்குள் புதைந்து கிடந்தது. மெல்ல, மெல்ல, அந்த முழங்கால்கள் அவனைப் பார்க்க மடங்கின.