நாலாவது ஊசி

பொழிச்சலூர் ஞானாம்பாளை அடுப்பங்கரையில் பிணமாகக் கண்டெடுத்தது முந்தாநாள். கழுத்துச் சங்கிலியைக் காணோம்.

இன்று காலை பத்தரை. போலீஸ் ஸ்டேஷனில் டெலிபோன் அலறியது...

இன்ஸ்பெக்டர் ராஜாராமன் எடுத்தார். இரண்டு நாளாய்த் தூங்காத கண்கள்.

"எஸ் சார்... பதினொண்ணுக்கு துரையை கோர்ட்ல நிறுத்திடறேன்."

வைத்தார். எதிரே துரையின் மனைவி சரசு.

"அவரு திருட்டை வுட்டு ஆறு வருசமாச்சு சார். அன்னிக்கு பல்லாவரத்துல கல்லு ஒடைக்கப் போயிருந்தாரு."

"கார்டு சொல்லுதேம்மா," என்றார் அலுப்பாக.

பழைய குற்றவாளிகளுக்கு ஆளுக்கொரு அட்டை. ஓரமெல்லாம் துளைகள். ஒவ்வொரு துளையும் ஓர் அடையாளம். அந்த அடையாளம் உள்ளவன் அட்டையில் மட்டும் அந்தத் துளை விளிம்புவரை வெட்டியிருக்கும். அட்டைக் கட்டுக்குள் அந்தத் துளை வழியே நீள ஊசி செருகித் தூக்கினால் அவன் அட்டை கீழே விழும்.

நாலு அடையாளத்துக்கு நாலு ஊசி போட்டதில் விழுந்தது ஒரே ஆள். துரை.

கார்டு கிளார்க் மெட்டில்டா லீவு முடிந்து அப்போதுதான் வந்தாள். அந்த நாலு அடையாளமும் எழுதிய சீட்டைப் படித்தாள்.

"ஓடு பிரிச்சவன், பகல் திருட்டு, தனியாள். மூணும் ஸ்பாட்ல தெரிஞ்சது. நாலாவது, மீசை. அது யார் சார் சொன்னது?"

"எதிர்வீட்டு எலியேசர். ஓடினவனைப் பார்த்த சாட்சி. வெளியே பெஞ்சுல இருக்கார்."

மெட்டில்டா அவர் வாக்குமூலத்தைப் புரட்டினாள். "முதுகைத்தான் பாத்தேன்னு எழுதிக் குடுத்திருக்காரே. முதுகுல ஏது மீசை?"

ராஜாராமன் நிமிர்ந்தார்.

"தெரியாததுக்கு ஊசியே போடக்கூடாது சார். போட்டா மீசையில்லாதவன் அத்தனை பேரும் தப்பிச்சுடுவானுங்க."

நாலாவது ஊசியை விட்டுவிட்டு மூன்றை மட்டும் செருகினாள். தூக்கினாள்.

சொத்... சொத்...

இரண்டு அட்டைகள்!

ஒன்று துரை. இன்னொன்றில் வேறு ஏதோ பெயர். ஒட்டியிருந்த போட்டோவில் மழமழவென்று சிரைத்த முகம்... பெஞ்சில் உட்கார்ந்திருந்த அதே முகம்.

ராஜாராமன் வெளியே வந்தார்.

"எலியேசர், உங்க வீட்டை ஒரு தடவை பார்த்துடலாமா?"

அவன் பாய்ந்து ஓடினான். பின்னாலேயே வந்து வாசலில் நின்ற சரசு காலை நீட்டினாள். குப்புற விழுந்தவனை இரண்டு கான்ஸ்டபிள்கள் அமுக்கினார்கள்.

அவன் வீட்டு அரிசிப் பானையில் ஞானாம்பாளின் சங்கிலி கிடைத்தது.

துரை லாக்கப்பிலிருந்து வெளியே வந்தான். சரசு அவன் சட்டையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். ராஜாராமனுக்கு வெட்கமாக இருந்தது. சோர்ந்து நாற்காலியில் விழுந்தார்.

ரைட்டர் தலையைச் சொறிந்தார்.

"எலியேசருக்கு சாட்சி சம்மன் எழுதி வச்சிருக்கேன் சார்... கிழிச்சுடட்டுமா?"

"எதுக்குய்யா? கோர்ட்டுக்கு வரத்தானே போறான். கூண்டுதான் வேற!"